தட்டிப் பார்த்தா தெரியும்: இத்துப்போன படகு டெக்கை எப்படிச் சரி பண்றாங்க?

போன செமஸ்டர் காம்போசிட் லேப்ல எங்க பேட்ச்சை ஒரு சாண்ட்விச் பீம் செய்யச் சொன்னாங்க. நடுவுல பால்சா மரப் பலகை, அதுக்கு மேலேயும் கீழேயும் ஃபைபர்கிளாஸ் துணி, எல்லாத்தையும் எபாக்ஸி பூசி ஒட்டணும். ரெக்கார்டு நோட்டுல படம் போடுற மாதிரி சுலபமான வேலைன்னு நினைச்சோம். பால்சாவை உப்புத்தாள் வெச்சுத் தேய்க்காம, தூசியைக்கூடத் துடைக்காம அப்படியே ஒட்டிட்டோம். வளைவுச் சோதனைக்கு யூ.டி.எம். மெஷின்ல ஏத்தினதும் கிராஃப் கொஞ்ச தூரம் நேர்கோடா ஏறுச்சு. அப்புறம் 'டப்'புனு ஒரு சத்தம். கோடு தரைக்கு வந்துடுச்சு. எடுத்துப் பார்த்தா ஃபைபரும் உடையல, பால்சாவும் உடையல. கை குலுக்கிட்டுப் பிரிஞ்ச மாதிரி ரெண்டும் சுத்தமா விலகி நின்னுச்சு. மார்க் போனது தனிக்கதை.

இந்த மாதிரி ஒட்டு விட்டுப்போறது லேபுக்கு வெளிய எங்க நடக்கும்னு தேடப் போய்தான், பழைய பாய்மரப் படகுகளை ரிப்பேர் பண்றவங்க உலகத்துக்குள்ள விழுந்தேன். அவங்களுக்கு இது தினசரித் தலைவலி. படகோட மேல்தளத்தை அவங்க 'டெக்'னு சொல்றாங்க. நடந்து போறது, பாய் இழுக்குறது, நங்கூரம் தூக்குறது எல்லாமே அது மேலதான். அந்த டெக்கும் நம்ம லேப் பீம் மாதிரி ஒரு சாண்ட்விச்தான். உள்ள இருக்குற மரம் இத்துப்போனா என்ன பண்றாங்க? அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

1959-ல இருந்து ஒரு படகு

ஒரு நிஜப் படகை வெச்சுப் பேசுவோம். அமெரிக்காவோட வடகிழக்குக் கரையில ரோட் ஐலண்ட் மாநிலம், பிரிஸ்டல்னு ஒரு சின்ன ஊர். கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன்னு ரெண்டு கஸின்ஸ் அங்க படகு கட்டிட்டு இருந்தாங்க. கார்ல் ஆல்பெர்க் டிசைன் பண்ணின 'ட்ரைடன்' அப்படிங்கிற 28 அடி பாய்மரப் படகை 1959 ஜனவரியில நியூயார்க் படகுக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தாங்க. விலை 10,000 டாலருக்குக் கீழ. மரப் படகுகள்தான் எங்கேயும்னு இருந்த காலத்துல, நாலு பேர் படுத்துத் தூங்கக்கூடிய ஒரு ஃபைபர்கிளாஸ் படகு, அச்சுல இருந்து ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. 1960-கள் முடியுறதுக்குள்ள 700-க்கும் மேல கட்டினாங்க.

அதுல நிறையப் படகு இன்னும் மிதக்குது. காரணம், அந்தக் கால ஃபைபர்கிளாஸ் படகுகளோட உடல் பகுதி. புது மெட்டீரியல், எவ்வளவு நாள் தாங்கும்னு யாருக்கும் அனுபவம் இல்ல. அதனால பயந்து பயந்து தடிமனா, முழுக்க ஃபைபரா போட்டுட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சும் உடல் கல்லு மாதிரி நிக்குது. ஆனா டெக்? அதை முழுக்க ஃபைபரா போட முடியாது. மேல கனம் ஏறினா ஈர்ப்பு மையம் மேல ஏறும், காத்துல படகு சாயுறது அதிகமாகும். அதனால டெக்ல மட்டும் நடுவுல பால்சா வெச்சாங்க. இன்னிக்கு அந்த வயசுப் படகை வாங்கப் போறவங்க முதல்ல கேக்குற கேள்வி, "டெக் எப்படி இருக்கு?"தான்.

நடுவுல இருக்குற மரம் என்ன பண்ணுது?

இங்க ஒரு கணக்கு போட்டே ஆகணும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ஐ பீம் படிச்சிருப்பீங்க. மேலேயும் கீழேயும் இருக்குற பட்டை வளைவைத் தாங்கும். நடுவுல இருக்குற வெப் அந்த ரெண்டையும் தூரத்துல பிடிச்சு வெச்சுக்கும், ஷியரைக் கடத்தும். சாண்ட்விச் பேனல்ல ஃபைபர் தோல்தான் பட்டை, பால்சாதான் வெப்.

மேல் தோல் 3 மி.மீ., கீழ்த் தோல் 3 மி.மீ.னு வைங்க. ரெண்டையும் நேரா ஒட்டினா 6 மி.மீ. தகடு. விறைப்பு, தடிமனோட மும்மடியைப் பொறுத்தது: 6-க்கு மும்மடி 216. இப்போ நடுவுல 12 மி.மீ. பால்சா வைங்க. மொத்தம் 18. இதுக்கு 18-ஓட மும்மடியில இருந்து 12-ஓட மும்மடியைக் கழிக்கணும்: 5832-ல 1728 போக 4104. அதாவது 19 மடங்கு விறைப்பு! அதே ஃபைபர்தான், நடுவுல கனமே இல்லாத ஒரு மரம் மட்டும்தான் புதுசு. இதே விறைப்பை முழு ஃபைபர்ல கொண்டு வரணும்னா 16 மி.மீ. தடிமன் வேணும். சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 25 கிலோ ஆகும். சாண்ட்விச்சுக்கு 11, 12 கிலோ போதும். (பால்சாவோட சொந்த விறைப்பையும் ஷியர் வளைவையும் இந்தக் கணக்குல விட்டுட்டேன். சேர்த்தா எண்கள் கொஞ்சம் நகரும், கதை மாறாது.)

சரி, இப்போ உள்ள இருக்குற பால்சா இத்துப்போச்சு, இல்ல ஒட்டு விட்டுப்போச்சு. ரெண்டு தோலும் தனித்தனியா, ஒண்ணை ஒண்ணு கண்டுக்காம வளையுது. 3-க்கு மும்மடி 27, அதோட ரெண்டு மடங்கு 54. 4104 எங்க, 54 எங்க? 76-ல ஒரு பங்கு!

இந்த இடத்துலதான் எனக்கு எங்க லேப் பீம் புரிஞ்சுது. மரம் இத்துப்போச்சுன்னா "மரத்தோட பலம் போச்சு"ன்னு நினைக்கிறோம். பால்சாவுக்கு என்ன பெரிய பலம்? நகத்தால அழுத்தினாலே பள்ளம் விழும். போனது மரத்தோட பலம் இல்ல, ரெண்டு தோலுக்கும் நடுவுல இருந்த உறவு. ரிப்பேர்ல நீங்க செய்யுற ஒவ்வொரு வேலையும் அந்த உறவைத் திரும்ப ஏற்படுத்தத்தான். புது மரம் வைக்கிறது அதுல சின்னப் பகுதி.

தண்ணி எங்கிருந்து வருது?

ஃபைபர் தோல் வழியா மழை இறங்கிடாது. டெக்ல இருக்குற ஓட்டைகள் வழியாத்தான் இறங்கும். கயிறு கட்டுற கிளீட், வின்ச், ஜன்னல் சட்டம், டெக் ஓரமா கைப்பிடிக் கம்பி வரிசையைத் தாங்குற 'ஸ்டான்ஷன்' கால்கள், பாய்மரக் கம்பிகள் வந்து சேருற செயின்பிளேட் எல்லாமே போல்ட் போட்டு இறுக்கினது. ஒரு 28 அடி படகு டெக்ல இப்படி நூத்துக்கணக்குல ஓட்டை இருக்கும். ஒவ்வொண்ணும் மேல் தோல், பால்சா, கீழ்த் தோல்னு மூணையும் துளைச்சுட்டுப் போகுது. தண்ணியைத் தடுக்குறது போல்ட் அடியில பூசின சீலண்ட் மட்டும்தான். அதுக்கு ஆயுசு பத்து, இருபது வருஷம். படகுக்கு வயசு அறுபது.

இதுல ரொம்ப மோசமானது ஸ்டான்ஷன். கம்பியோட உயரம் சுமார் 60 செ.மீ. அடியில போல்ட்டுகளுக்கு நடுவுல 6 செ.மீ.தான்னு வைங்க. படகு ஆடும்போது ஒருத்தர் தடுமாறி அந்தக் கம்பியில 50 கிலோ விசையோட சாயுறார். பத்து மடங்கு நெம்புகோல். போல்ட்ல 500 கிலோ. ஒவ்வொரு தடவையும் அடித்தட்டு ஒரு மயிரிழை தூக்கும், சீலண்ட் ஒரு மயிரிழை கிழியும். அந்த வழியா மழைத்தண்ணி உள்ள போகும், நேரா பால்சாவுக்கு. பால்சா மெத்துனு இருக்குறதால போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் டெக் அமுங்கிக்கிட்டே போகுமே தவிர, இறுக்கம் நிக்காது. கடைசியில நடுக்கடல்ல, ராத்திரியில, ஒருத்தரை விழாம பிடிக்க வேண்டிய கம்பி, கீழ ஊறின அவல் மாதிரி இருக்குற மரத்துல நின்னுட்டு இருக்கும். டெக்ல நடக்கும்போது கொஞ்சம் மெத்துனு இருக்குன்னு சும்மா விட முடியாதது இதனாலதான்.

மரம் தண்ணியில நனைஞ்சதும் இத்துப்போறது இல்ல. அதைத் தின்னுறது பூஞ்சை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சை வளராது. 30-ஐத் தாண்டினா அதுக்கு விருந்து. டெக் உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியே இல்ல. ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோல். வெயில்ல சூடாகும், ஆனா காயாது. ரோட் ஐலண்ட் மாதிரி ஊர்ல இன்னொரு கொடுமையும் உண்டு. குளிர்காலத்துல உள்ள இருக்குற தண்ணி உறையும், உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், தோலை மரத்துல இருந்து நெம்பித் தள்ளும். வசந்தத்துல உருகி, அந்தப் புது இடுக்குல இன்னும் கொஞ்சம் உள்ள போகும். அடுத்த வருஷம் மறுபடியும்.

பால்சாவை எண்ட் கிரெயினா, அதாவது நார்கள் தோலுக்குச் செங்குத்தா நிக்குற மாதிரி வெட்டி வைப்பாங்க. ஒரு ஸ்ட்ரா கட்டை நிமிர்த்தி வெச்ச மாதிரி. மேல இருந்து அமுக்கினா நல்லா தாங்கும். தண்ணி நார் வழியாத்தான் வேகமா ஓடும்ங்கிறதால பக்கவாட்டுல மெதுவாத்தான் பரவும். பிளைவுட் கோர் போட்ட படகுல நார் படுத்துக் கிடக்கும். தண்ணி திரி மாதிரி ஏறி ரொம்ப தூரம் போயிடும். ஆனா பால்சாவுக்கும் ஒரு ஓட்டை உண்டு. டெக் வளைவுக்கு ஏத்தபடி மடங்கணும்னு, சின்னச் சின்னக் கட்டையா வெட்டி வலைத்துணியில ஒட்டித்தான் ஷீட்டா விப்பாங்க. கட்டைகளுக்கு நடுவுல இருக்குற இடுக்கை ரெசின் போட்டு நிரப்பாம விட்டா, அது வாய்க்கால். ஃபாக்டரியில அவசரத்துல விட்ட அந்த வாய்க்கால்ல, இங்க நுழையுற தண்ணி எங்கேயோ போய் நிக்கும்.

தேங்காய் தட்டுற வேலை

கண்டுபிடிக்க பெரிய கருவி தேவையில்ல. ஸ்க்ரூ டிரைவரோட பிளாஸ்டிக் கைப்பிடி போதும். மார்க்கெட்ல தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குறோம் இல்லையா, அதே வேலைதான். நல்ல இடத்துல 'டங்'குனு கூர்மையா கேக்கும். கெட்ட இடத்துல 'தொப்'புனு செத்த சத்தம். சில இடத்துல 'கடகட'னு இருந்தா ஒட்டு விட்டுப்போய் நடுவுல காத்து இருக்குன்னு அர்த்தம். அரையடிக்கு ஒரு தடவை தட்டிக்கிட்டே போய், சத்தம் மாறுற இடத்தை எல்லாம் பென்சில்ல குறிச்சு இணைச்சா ஒரு வரைபடம் கிடைக்கும். நடக்கும்போது டெக் அமுங்குறது, ஸ்டான்ஷன் அடியில நட்சத்திரம் மாதிரி கீறல், கேபின் உள்ள கூரையில டீ கலர்ல வடிஞ்ச தடம் எல்லாம் கூடுதல் சாட்சி. மாய்ஸ்ச்சர் மீட்டரும் இருக்கு. ஆனா உள்ள உலோகத் தட்டு இருந்தா அதுக்கும் பீப் அடிச்சு உங்களை முட்டாளாக்கும்.

உறுதி பண்ண ஒரே வழி துளை போட்டுப் பார்க்குறதுதான். கேபின் உள்ள இருந்து, டிரில் பிட்ல டேப் சுத்தி ஆழத்தைக் குறிச்சுக்கிட்டு, கீழ்த் தோலையும் பால்சாவையும் மட்டும் துளைக்கணும். வெளிய வர்ற தூள் வெள்ளையா, காய்ஞ்சு உதிர்ந்தா தப்பிச்சீங்க. பழுப்பா ஈரமா பிட்ல ஒட்டிக்கிட்டா சிக்கல். கறுப்பா கூழா வந்தா டெக்கை வெட்டத்தான் வேணும். பென்சில் கோட்டுக்கு வெளியேயும் துளைச்சுப் பாருங்க. அழுகல் முடிஞ்சு அரையடி வரைக்கும் ஈரம் பரவியிருக்கும்.

இங்க ஒரு குறுக்கு வழி எல்லாரையும் கூப்பிடும். டெக் முழுக்கச் சின்னச் சின்னத் துளை போட்டு, ஊசி வழியா மெல்லிய எபாக்ஸியைச் செலுத்தினா உள்ள போய் எல்லாத்தையும் கெட்டியாக்கிடும்னு சொல்லுவாங்க. யோசிச்சுப் பாருங்க. மரத்தோட செல்கள்ல ஏற்கெனவே தண்ணி நிக்குது. எபாக்ஸி எங்க போய் உக்காரும்? அழுகின கூழ்ல தோலைத் தேய்க்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது. எங்க பேட்ச் செஞ்ச அதே தப்பு, இன்னும் மோசமா. மரம் முழுக்கக் காய்ஞ்சு இருந்து, கையகல இடத்துல ஒட்டு மட்டும் விட்டிருந்தா ஊசி வேலை செய்யலாம். மத்தபடி அது டெக்கைக் கெட்டியா 'காட்டும்', அவ்ளோதான். படகை விக்கப் போறவங்களுக்கு அந்த வழி ஏன் பிடிக்குதுன்னு உங்களுக்கே புரியும்.

வெட்டுறது

மேல இருந்து வெட்டுறதா, கேபின் உள்ள கீழ இருந்தான்னு ஒரு நிரந்தர வாக்குவாதம் உண்டு. கீழ இருந்து செஞ்சா மேல்தளத்தோட அழகு கெடாது. ஆனா மல்லாக்கப் படுத்துக்கிட்டு தலைக்கு மேல எபாக்ஸி பூசணும், அது முகத்துல சொட்டும், ஒட்டுற எல்லாமே கீழ விழப் பார்க்கும். மேல இருந்து செஞ்சா புவியீர்ப்பு உங்க பக்கம். என் ஓட்டு மேல இருந்து செய்யுறதுக்குத்தான்.

முதல் வேலை வெட்டுறது இல்ல, முட்டுக் கொடுக்குறது. டெக் லேசா வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கும். மேல் தோலை எடுத்துட்டா மிச்சம் 3 மி.மீ. தகடு மட்டும்தான், தொங்கிடும். தொங்கின நிலையில ஒட்டினா அந்தப் பள்ளம் அப்படியே நிரந்தரம். மழைத்தண்ணி தேங்க நீங்களே குளம் வெட்டின மாதிரி. காங்கிரீட் போடும்போது சென்ட்ரிங் அடிக்கிற மாதிரி, கேபின் உள்ள இருந்து மரக்கட்டை முட்டு வைக்கணும். அதனாலதான் பெரிய டெக்கை மொத்தமா திறக்காம, பகுதி பகுதியா செய்யுறாங்க.

அப்புறம் சர்க்குலர் ரம்பத்தோட ஆழத்தை மேல் தோல் தடிமனுக்கு மட்டும் செட் பண்ணணும். கீழ்த் தோல்ல பிளேடு படவே கூடாது. எங்க வெட்டுறதுங்கிறதும் ஒரு கணக்கு. ஓரத்துல சுவர் எழும்புற இடம் வரைக்கும் போகாம 5 செ.மீ. விட்டு வெட்டணும். ஏன்னா, பின்னாடி அந்த இணைப்பைச் சரிவா தேய்ச்சு மேல புதுசா ஃபைபர் போடணும். சரிவு விகிதம் 12-க்கு 1. 3 மி.மீ. தோலுக்கு 36 மி.மீ. சரிவு வேணும். சும்மா முட்டி ஒட்டினா அந்தக் கோட்டுல பலம் வெறும் ரெசினோட பலம்தான். சரிவா தேய்ச்சு ஒட்டினா விசை அகலமா பரவி ஷியரா கடந்து போகும்.

தோலை நெம்பித் தூக்கும்போது அழுகின இடம் கேக்காமலே கையோட வந்துடும். மழைக்காலத்துல பூட்டி வெச்ச அலமாரி மாதிரி ஒரு நெடி அடிக்கும். ஈரக் கூழை ஸ்கிரேப்பர்ல வழிச்சு எடுத்துடலாம். நல்ல பால்சா வர்றப்பதான் சண்டை. உளி வெச்சுச் செதுக்கணும். ஆனா அது நல்ல சகுனம். மரம் ஒட்டை விடாம, மரமே கிழியுற மாதிரி வந்தா அந்த இடத்துல நிறுத்தலாம். வெட்டாம விட்ட ஓரத்துக்கு அடியில கொஞ்சம் அழுகல் ஒளிஞ்சிருக்கும். அதுக்கு ஒரு நாட்டு வைத்தியம்: ஆலன் கீயோட குட்டைக் காலை டிரில்லுல மாட்டாம, நீளக் காலை மாட்டிச் சுத்துறது. வளைஞ்ச முனை உள்ள போய் சுரண்டி எடுத்துடும்.

கீழ்த் தோலோட உள்பக்கத்தைக் கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சு, ஆசிட்டோன் துணியால துடைச்சு, காயவிடணும். இந்த இடத்துல அவசரப்படுறவங்க எங்க லேப் மார்க்கை நினைச்சுக்கோங்க. முகமூடி கட்டாயம், அது கர்ச்சீப் இல்ல, ஃபில்டர் வெச்ச ரெஸ்பிரேட்டர். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது.

ஒட்டுறது

திரும்ப எந்தக் கோர் வைக்கிறது? க்ளோஸ்டு செல் பி.வி.சி. ஃபோம் வெச்சா அழுகாது. பிளைவுட் வெச்சா கனம் மூணு, நாலு மடங்கு, அதோட அந்தத் திரிப் பிரச்சினை. நான் பால்சாவுக்கே ஓட்டு போடுவேன். அது எதுவும் தப்பு செய்யல. அது உள்ள தண்ணியை விட்டவங்க செஞ்ச தப்பு. பால்சா ஒண்ணும் பழங்கால மெட்டீரியலும் இல்ல. பெரிய காற்றாலை இறக்கைகள் பலவற்றின் உள்ளேயும் எக்வடோர்ல இருந்து வர்ற இதே எண்ட் கிரெயின் பால்சாதான் இருக்கு. அடுத்த தடவை ஆரல்வாய்மொழி வழியா நாகர்கோவில் போகும்போது ஜன்னல்ல பாருங்க.

ஒட்டுறதுக்கு எபாக்ஸி. படகு வந்தது பாலியெஸ்டர் ரெசின்லதான். ஆனா இறுகி முடிஞ்ச பழைய ஃபைபர் மேல புதுசா ஒட்டுறதுல எபாக்ஸிதான் கெட்டி. 1969-ல மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில கூஜன் சகோதரர்கள் ஆரம்பிச்ச வெஸ்ட் சிஸ்டம் எபாக்ஸி, மர வேலையையும் படகு ரிப்பேரையும் நிறைய மாத்துச்சு. அதுல ரெசின் 5 பங்கு, ஹார்டனர் 1 பங்கு. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட்டி ஊத்தாதீங்க. பாலியெஸ்டர்ல கேட்டலிஸ்ட் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். எபாக்ஸியில ஹார்டனர் கேட்டலிஸ்ட் இல்ல, அதுவும் பாலிமர்ல ஒரு பங்காளி. கூடினா மிச்சம் நிக்கும், கடைசி வரைக்கும் பிசுபிசுப்பு. கலந்த எபாக்ஸியை ஆழமான கப்புல வெச்சுட்டு டீ குடிக்கப் போனாலும் கதை முடிஞ்சுது. உள்ள சூடு தேங்கி புகையே வரும். அகலமான தட்டுல ஊத்துங்க. கையுறை போடாம வேலை செஞ்சு எபாக்ஸி அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா ஆயுசுக்கும் போகாது.

வரிசை இதுதான். முதல்ல கீழ்த் தோல்லயும் பால்சாவோட அடிப்பக்கத்துலயும் வெறும் எபாக்ஸியைப் பூசணும். எண்ட் கிரெயின் ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும். இல்லேன்னா பின்னாடி ஒட்டுக்கு வெச்ச எபாக்ஸியையும் உறிஞ்சி, இடத்தை வறட்சியா விட்டுடும். அடுத்து, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கின எபாக்ஸி. டைல்ஸ் ஒட்டுறவர் பல் வெட்டின கரண்டியால சிமெண்ட்டை வரிவரியா இழுப்பாரே, அதே கரண்டி, அதே கை. வரி இருந்தா அமுக்கும்போது காத்து அந்த வாய்க்கால் வழியா வெளிய ஓடும். பால்சாவை வெச்சு அழுத்துங்க. கட்டைகளுக்கு நடுவுல எபாக்ஸி பிதுங்கி மேல வரணும். வராத இடுக்கை நீங்களே நிரப்பணும். பழைய ஃபாக்டரி விட்ட வாய்க்காலை மறந்துடாதீங்க. மேல பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, மணல் மூட்டையோ தண்ணி பக்கெட்டோ வெச்சு ஒரு ராத்திரி விடுங்க.

மறுநாள் மேல் தோல். வெட்டி எடுத்த பழைய தோலையே தேய்ச்சுத் திரும்ப ஒட்டலாம், இல்ல புதுசா ஃபைபர் துணி அடுக்கலாம். எதுவானாலும் இணைப்புல அந்த 12-க்கு 1 சரிவு. எபாக்ஸி இறுகும்போது சில சமயம் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணி தொட்டுத் துடைக்காம அடுத்த அடுக்கு போட்டா ஒட்டாது. அப்புறம் பட்டி, உப்புத்தாள், பெயிண்ட், வழுக்காம இருக்க சொரசொரப்பு. பார்க்குறவங்க பாராட்டப் போறது இதைத்தான். ரிப்பேர் இதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு.

திரும்ப ஓட்டை போடணும்

முடிஞ்சுடுச்சுன்னு சொன்னேன். முடியல. ஸ்டான்ஷன், கிளீட், வின்ச் எல்லாத்தையும் திரும்பப் பொருத்தணுமே. புது டெக்ல நேரா துளை போட்டு போல்ட்டை மாட்டினா, இருபது வருஷம் கழிச்சு இதே கதை.

6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போடணும். மேல் தோலையும் பால்சாவையும் துளைச்சு, கீழ்த் தோல்ல நிறுத்திடுங்க. உள்ள ஆலன் கீ வைத்தியத்தால பால்சாவை இன்னும் கொஞ்சம் சுரண்டி, குழியைக் கெட்டி எபாக்ஸியால நிரப்பணும். இறுகினதும் அதோட நடு மையத்துல 6 மி.மீ. துளை. இப்போ போல்ட் போறது முழுக்க எபாக்ஸி தூண் வழியா. சீலண்ட் என்னிக்காவது கிழிஞ்சு தண்ணி இறங்கினாலும், அது மரத்தைத் தொடாம கேபின்ல சொட்டும். தலையில சொட்டுச்சுன்னா எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா டெக் பிழைச்சுது. இன்னொரு லாபம், போல்ட்டை இறுக்கும்போது அமுக்கு விசையை எபாக்ஸி தூண் வாங்கிக்கும், பால்சா நசுங்காது. 1959-லேயே ஒவ்வொரு ஓட்டைக்கும் இதைச் செஞ்சிருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இல்ல. செலவு ஒரு ஓட்டைக்கு ரெண்டு ஸ்பூன் எபாக்ஸி.

ஸ்டான்ஷன் அடியில, கேபின் பக்கம், வெறும் வாஷர் போதாது. உள்ளங்கை அகலத்துக்கு ஜி-10 ஷீட்டோ உலோகத் தகடோ வெச்சு அந்த 500 கிலோவைப் பரப்பணும். துளையோட மேல் விளிம்பை லேசா சரிவா கடைஞ்சு, பியூட்டைல் டேப்பை போல்ட் தலைக்கு அடியில சுத்தினா, இறுக்கும்போது அந்தச் சரிவுல ஓ-ரிங் மாதிரி உக்காந்துக்கும். இறுக்குறதுக்கு ரெண்டு பேர் வேணும். மேல இருக்குறவர் போல்ட் தலையை அசையாம பிடிக்கணும், கீழ இருக்குறவர் நட்டை மட்டும் திருகணும். போல்ட் சுத்தினா சீலண்ட்டும் கூடச் சுத்திப் பிய்ஞ்சுடும். ஒரே மூச்சுல இறுக்காம, ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பியூட்டைல் மெதுவாத்தான் பிதுங்கும்.

கடைசியில ஒரு டெஸ்ட். மேல ஒருத்தர் ஓஸ் பைப்பைப் பிடிச்சு, ஒவ்வொரு போல்ட் மேலேயும் அஞ்சு நிமிஷம் தண்ணி அடிக்கணும். கீழ கேபின்ல இன்னொருத்தர் டார்ச் அடிச்சு, ஒவ்வொரு நட்டுக்கு அடியிலேயும் டிஷ்யூ பேப்பரை வெச்சுப் பார்த்துட்டே வரணும். எது நனையுதோ அந்த போல்ட்டை அன்னிக்கே கழட்டி, டேப்பை மாத்திட்டு, மறுபடியும் தண்ணி.